பாராட்டு இருந்தது, பிரதி இல்லை: பிக் ஸ்டார் இசைக்குழு குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் உள்ள மெம்ஃபிஸ் நகரிலிருந்து 1972இல் ‘நம்பர் ஒன் ரெக்கார்ட்’ என்னும் ஆல்பம் வெளிவந்தது. அதை உருவாக்கிய பிக் ஸ்டார் குழுவின் நால்வரும் அப்போது இருபது வயதை ஒட்டியவர்கள். குழுவுக்கு இது முதல் ஆல்பம். இசை வணிகர்கள் வாராவாரம் புரட்டும் பில்போர்ட் இதழ், இந்த ஆல்பத்தின் எந்தப் பாடலையும் தனித் தட்டாக (சிங்கிள்) வெளியிடலாம் என்று எழுதியது. ரோலிங் ஸ்டோன் இதழ் இது மிகச் சிறந்த ஆல்பம் என்றது. இன்னொரு வணிக இதழான கேஷ் பாக்ஸ், சரியாகக் கையாளப்பட்டால் உச்சிக்குப் போகவேண்டிய முக்கியமான இசைத்தட்டு இது என்று எழுதியது. புதிய குழு ஒன்றின் முதல் ஆல்பத்துக்கு இதைவிட நல்ல வரவேற்பை எழுத்தில் எதிர்பார்க்க முடியாது. ஆனால் வெளிவந்த காலத்தில் அந்த ஆல்பம் 10,000 பிரதிகள்கூட விற்கவில்லை.

விமர்சகர்களின் பாராட்டு வளரும் இசைக்குழுவுக்கு எதைச் செய்ய வல்லது, எதைச் செய்ய இயலாதது என்பதை ஆராய விரும்புவோருக்கு இதைவிடத் தெளிவான நிகழ்வு ராக் இசை வரலாற்றில் கிடைப்பது அரிது. காரணம், இங்கே பாராட்டில் குறை சொல்ல எதுவும் இல்லை. அது உரிய நேரத்தில் வந்தது, உரிய இதழ்களில் வந்தது, மிகைப்படுத்தாமல் வந்தது; பிந்தைய அரை நூற்றாண்டு அதைச் சரியென்றே உறுதிப்படுத்தியிருக்கிறது. எனவே விற்பனை நடக்காமல் போனதற்கான காரணத்தை வேறிடத்தில்தான் தேட வேண்டும்.

குழுவும் ஸ்டுடியோவும்

பிக் ஸ்டார் உருவானதில் ஜான் ஃப்ரை என்பவரின் பங்கு அடிப்படையானது. மெம்ஃபிஸில் ஆர்டென்ட் ஸ்டுடியோவை நடத்திவந்த அவர், இசையில் ஆர்வமுள்ள உள்ளூர் இளைஞர்களுக்கு ஒலிப்பதிவுத் தொழிலைக் கற்றுக்கொடுத்து, கட்டணம் செலுத்தும் வாடிக்கையாளர்கள் இல்லாத இரவு நேரங்களில் ஸ்டுடியோவை அவர்கள் பயன்படுத்திக்கொள்ளவும் அனுமதித்தார். அப்படிக் கற்றுக்கொண்டவர்களில் ஒருவர் கிறிஸ் பெல். பீட்டில்ஸ் உள்ளிட்ட 1960களின் பிரிட்டிஷ் குழுக்களின் மீது தீராத ஈடுபாடு கொண்டிருந்த பெல், பேஸ் கிடார் வாசித்த ஆண்டி ஹம்மல், டிரம்ஸ் வாசித்த ஜோடி ஸ்டீஃபன்ஸ் ஆகியோருடன் ஏற்கெனவே இயங்கிவந்தார். நான்காமவராக வந்து சேர்ந்தவர்தான் அலெக்ஸ் சில்டன்.

சில்டன் புதியவர் அல்லர். பாக்ஸ் டாப்ஸ் குழுவின் பாடகராகப் பதினாறு வயதில் அவர் பாடிய ‘தி லெட்டர்’ 1967இல் அமெரிக்கப் பாடல் தரவரிசைப் பட்டியலின் முதலிடத்தில் நான்கு வாரம் நின்றது. ஆனால் அங்கே பாடல்களைத் தேர்ந்தவர்களும் ஒலியைத் தீர்மானித்தவர்களும் பிறர். சில்டன் குரல் மட்டுமே கொடுத்தார். அந்த அனுபவத்தில் சலித்து 1970இல் விலகி, சொந்தமாகப் பாட்டெழுதத் தொடங்கியிருந்தவருக்குத் தன் வயதொத்தவர்கள் இரவெல்லாம் தாங்களே பதிவுசெய்துகொண்டிருந்த அந்த ஸ்டுடியோ மிகவும் பொருத்தமான இடமாக அமைந்தது. பெல்லும் சில்டனும் பாடல்களை இருவர் பெயரிலும் சேர்த்தே வெளியிட முடிவு செய்தார்கள். குழுவின் பெயர் ஸ்டுடியோவுக்கு எதிரே இருந்த பல்பொருள் அங்காடியின் பெயர்ப்பலகையிலிருந்து எடுக்கப்பட்டது.

விமர்சகர்கள் கேட்டது என்ன

1972இல் ராக் இசையின் பெரும்பகுதி நீளத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. மேடையில் ஒரே பாடல் கால் மணி நேரம் நீள்வதும், கிடார் தனி வாசிப்பே பாட்டின் மையமாவதும் அன்றைய பெருமைக்குரிய வழக்கங்கள். ‘நம்பர் ஒன் ரெக்கார்ட்’ ஆல்பத்தின் பன்னிரண்டு பாடல்கள் அந்த வழக்கத்திலிருந்து முற்றிலும் விலகி நின்றன. மெட்டு முதலில், அதைத் தாங்கும் குரலிணைவு அடுத்து, கிடார் அவற்றுக்குத் துணை என்ற வரிசையில் அவை கட்டப்பட்டிருந்தன. ஆனாலும் இது மென்மையான இசை அன்று. முதல் பாடலான ‘ஃபீல்’ பெல்லின் உரத்த, ஏறக்குறையத் தொண்டை கிழியும் குரலில்தான் தொடங்குகிறது. இனிமையான மெட்டை இப்படி அழுத்தத்தோடு பாடும்போது உண்டாகும் இழுவிசையே இந்தக் குழுவின் தனித்தன்மை என்பது என் கணிப்பு.

‘தர்ட்டீன்’ என்ற பாடலை இங்கே சற்று நெருங்கிப் பார்ப்பது பயன் தரும். இரண்டரை நிமிடம் நீளும் அப்பாடலில் டிரம்ஸ் கிடையாது. அகௌஸ்டிக் கிடார்களும் குரல்களும் மட்டும்தான். பள்ளியிலிருந்து வீடுவரை உடன் நடந்துவரலாமா என்று ஒரு சிறுவன் சிறுமியிடம் கேட்கிறான். இதே பொருளில் எழுதப்பட்ட நூற்றுக்கணக்கான பாப் பாடல்களில் சிறுவனின் கூச்சத்தைப் பெரியவர்கள் நடித்துக் காட்டுவார்கள்; இங்கே சில்டன் நடிக்கவில்லை. ‘தி லெட்டர்’ பாடலில் வயதுக்கு மீறிக் கரகரத்த அதே குரல், இப்போது மெலிந்து, மேல்சுருதியில், பதில் என்னவாக இருந்தாலும் ஏற்றுக்கொள்ளத் தயாராக இருப்பவன் குரலாக ஒலிக்கிறது. இரண்டாவது குரல் எல்லா இடத்திலும் வருவதில்லை. தேவைப்படும் வரிகளில் மட்டும் வந்து சேர்ந்து விலகுகிறது. எதைச் சேர்க்கலாம் என்பதைவிட எதைச் சேர்க்காமல் விடலாம் என்று இத்தனை இளம் வயதில் அறிந்திருந்தார்கள் என்பதே விமர்சகர்களை நிமிர்ந்து உட்காரச் செய்தது. ஜான் ஃப்ரையின் ஒலிப்பதிவும் பாராட்டில் உரிய பங்கைப் பெற வேண்டியது. கம்பிகளின் ஒவ்வொரு மீட்டலும் தனித்துக் கேட்கும் அந்தத் தெளிவை, பின்வந்த பல ஒலிப்பதிவாளர்கள் பாடமாகவே எடுத்துக்கொண்டார்கள்.

கையாளப்பட்ட விதம்

ஆர்டென்ட் நிறுவனத்தின் இசைத்தட்டுகளைச் சந்தைக்குக் கொண்டுபோகும் பொறுப்பு, அதே நகரில் இயங்கிய ஸ்டாக்ஸ் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்திடம் இருந்தது. கறுப்பினக் கலைஞர்கள் வளர்த்த சோல் இசையின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஸ்டாக்ஸும் ஒன்று. கறுப்பின மக்களின் வானொலி நிலையங்கள், அவர்களின் குடியிருப்புகளில் இருந்த கடைகள், அங்கெல்லாம் பல ஆண்டுகளாக உறவு வைத்திருந்த சுயேச்சையான வட்டார விநியோகஸ்தர்கள் ஆகியோரைக் கொண்டு அது கட்டியெழுப்பிய வலைப்பின்னல் மிகவும் வலுவானது. ஆனால் அதே வலைப்பின்னலுக்கு, கிடார் ராக் இசையை ஒலிபரப்பும் வெள்ளையர் வானொலி நிலையங்களோடும், அந்த இசையை வாங்கும் கல்லூரி மாணவர்கள் செல்லும் கடைகளோடும் போதிய தொடர்பு இல்லை. இதன் விளைவு நேரடியானது. விமர்சனத்தைப் படித்தவர் கடைக்குப் போனார். கடையில் தட்டு இல்லை. வானொலியில் கேட்டவர்கள் சிலரும் அதே நிலைக்குத்தான் ஆளானார்கள்.

இந்தக் குறையை நீக்கும் வழிபோலத் தோன்றிய ஏற்பாடு 1972இன் இறுதியில் வந்தது. கொலம்பியா ரெக்கார்ட்ஸ் நிறுவனத் தலைவர் கிளைவ் டேவிஸ், ஸ்டாக்ஸின் தட்டுகள் அனைத்தையும் கொலம்பியாவே விநியோகிக்கும் ஒப்பந்தத்தைச் செய்துகொண்டார். நாடு முழுவதும் கிளைகள் கொண்ட கொலம்பியாவின் கைக்குப் போனால் பிக் ஸ்டார் எல்லாக் கடைகளிலும் கிடைக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பே. நடந்தது நேர்மாறு. ஸ்டாக்ஸின் பழைய சுயேச்சை விநியோகஸ்தர்களோடு தொடர்பு வைக்க கொலம்பியா விரும்பவில்லை. அவர்கள் வழியாக ஏற்கெனவே கடைகளில் இருந்த சொற்பப் பிரதிகளும் அகற்றப்பட்டன. நாட்டின் மிகப் பெரிய விநியோக அமைப்புகளில் ஒன்றுக்குள் சென்றதாலேயே ஆல்பம் கடைகளிலிருந்து மறைந்துபோனது.

பிக் ஸ்டார் காலத்துக்கு ஒவ்வாத இசையை வாசித்தது, ஆகவே விற்கவில்லை என்றொரு விளக்கம் இன்றும் அடிக்கடி சொல்லப்படுகிறது. கேட்பதற்குக் கம்பீரமாக இருக்கும் இந்த விளக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அதே 1972இல் பேட்ஃபிங்கர் குழுவின் ‘டே ஆஃப்டர் டே’ அமெரிக்கப் பட்டியலில் 4ஆம் இடத்தையும், ராஸ்பெரீஸ் குழுவின் ‘கோ ஆல் தி வே’ 5ஆம் இடத்தையும் எட்டின. இரண்டும் பீட்டில்ஸ் வழிவந்த மெலடி ராக் பாடல்கள்தாம். முன்னது பீட்டில்ஸ் குழுவின் ஆப்பிள் நிறுவனத்திலிருந்தும், பின்னது கேபிடல் நிறுவனத்திலிருந்தும் வந்தவை. அந்தவகை இசைக்கு அந்த ஆண்டில் கேட்பவர்கள் இருந்தார்கள், வாங்குபவர்களும் இருந்தார்கள். வித்தியாசம் தட்டு போய்ச் சேர்ந்த வழியில் இருந்தது. குழு ஊர் ஊராகச் சென்று அதிகம் வாசிக்கவில்லை என்பதும் உண்மைதான். ஸ்டுடியோவில் பிறந்த குழுவுக்கு மேடை இரண்டாம் பட்சமாகவே இருந்தது, அதற்குரிய விலையையும் அது கொடுத்தது. ஆயினும் கடையில் இல்லாத தட்டை எத்தனை கச்சேரியாலும் விற்க முடியாது.

பாராட்டு குழுவுக்குள் செய்தது

விமர்சகர்களின் சொல் வாங்குபவர்களிடம் போய்ச் சேரவில்லை. ஆனால் அது குழுவினரிடம் போய்ச் சேர்ந்தது, அங்கே எதிரெதிரான இரண்டு விளைவுகளை உண்டாக்கியது.

ஆல்பத்தின் ஒலி வடிவத்தை இழைத்து இழைத்து உருவாக்கியவர் கிறிஸ் பெல். குழு அவருடைய கனவு என்று சொன்னால் மிகையாகாது. ஆனால் விமர்சனம் எழுதியவர்களுக்குத் தெரிந்த பெயர் சில்டனுடையது. முன்னாள் பாக்ஸ் டாப்ஸ் பாடகரின் புதிய குழு என்று தொடங்குவது வாசகருக்கு அறிமுகம் செய்ய வசதியானது. அதில் தவறான தகவலும் இல்லை. இருந்தாலும் உழைப்பின் பெரும்பகுதியைத் தந்தவர் அறிமுக வாக்கியத்தில் இல்லாமல் போனார். விற்பனை வீழ்ச்சியோடு இதுவும் சேர்ந்து, ஏற்கெனவே மனச்சோர்வோடு போராடிக்கொண்டிருந்த பெல்லைக் கடுமையாகப் பாதித்ததாக அவரை அறிந்தவர்கள் கூறியிருக்கிறார்கள். 1972 முடிவதற்குள் அவர் குழுவிலிருந்து விலகினார். வளரும் குழுவைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும் என்று கருதுகிறேன். குழு என்பது நான்கு பேர்; அவர்களில் வெளியே தெரிந்த ஒருவரைக் கொண்டு மற்ற மூவரையும் அறிமுகப்படுத்தும்போது, எழுதுகிறவர் தன்னையறியாமல் குழுவுக்குள் ஒரு வரிசையை ஏற்படுத்திவிடுகிறார்.

இரண்டாவது விளைவு 1973 மே மாத இறுதியில் நிகழ்ந்தது. ஆர்டென்ட் நிறுவனத்தில் விளம்பரப் பணியைக் கவனித்த ஜான் கிங், ராக் இசை எழுத்தாளர்களுக்கு ஒரு சங்கம் தேவை என்ற கருத்தை முன்வைத்து நாடெங்குமிருந்து அவர்களை மெம்ஃபிஸுக்கு வரவழைத்தார். நூற்றுக்கு மேற்பட்டோர் வந்தார்கள். லெஸ்டர் பாங்ஸ், ரிச்சர்ட் மெல்ட்சர், பின்னாளில் திரைப்பட இயக்குநரான கேமரன் குரோ ஆகியோர் வந்தவர்களுள் அடங்குவர். செலவு ஸ்டாக்ஸ் நிறுவனத்துடையது. ஆர்டென்ட் குழுக்களை எழுத்தாளர்கள் நேரில் கேட்க வேண்டும் என்பதே உண்மையான நோக்கம். பிக் ஸ்டார் அப்போது ஏறத்தாழக் கலைந்திருந்தது. பெல் இல்லாமல், மற்ற மூவரும் இந்த ஒரு நிகழ்ச்சிக்காக ஒன்றுகூடி வாசித்தார்கள். கைகட்டி உட்கார்ந்து கேட்பதையே தொழிலாகக் கொண்ட அந்தக் கூட்டம் எழுந்து ஆடியது என்பதை அங்கிருந்தவர்கள் பின்னர் வியப்போடு நினைவுகூர்ந்திருக்கிறார்கள். அந்த வரவேற்புதான் இன்னொரு ஆல்பம் செய்யலாம் என்ற உறுதியை மூவருக்கும் தந்தது. சங்கம் நிலைக்கவில்லை, ஆனால் ‘ரேடியோ சிட்டி’ என்ற இரண்டாவது ஆல்பம் பிறந்தது. விமர்சனப் பாராட்டு ஒரு கலைப்படைப்பு உருவாக நேரடிக் காரணமாக இருந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை.

இதே நாட்களில் வேறொன்றும் நடந்தது. எழுத்தாளர்கள் கூடிய அந்த விடுமுறை வார இறுதி முடிந்த மறுநாள், மே 29 அன்று, கிளைவ் டேவிஸை கொலம்பியா பதவியிலிருந்து நீக்கியது. ஸ்டாக்ஸ் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தவரே போனபின், அந்தத் தட்டுகளுக்காக கொலம்பியாவுக்குள் குரல் கொடுக்க யாருமில்லை.

‘ரேடியோ சிட்டி’ முதல் கலைவு வரை

1974இன் தொடக்கத்தில் வந்த ‘ரேடியோ சிட்டி’ முதல் ஆல்பத்தைவிடக் கூர்மையானது, ஒழுங்கு குறைந்தது. பெல்லின் நேர்த்தி போன இடத்தில் சில்டனின் துணிச்சல் வந்து அமர்ந்திருந்தது. அதில் உள்ள ‘செப்டம்பர் கேர்ள்ஸ்’ மூன்று நிமிடத்துக்கும் குறைவானது. தொடக்கத்தில் கணீரென்று வரும் கிடார் வரியிலேயே பாட்டின் ஏக்கமும் மகிழ்ச்சியும் ஒருசேர வந்துவிடுகின்றன. மெலடி ராக் என்றால் என்ன என்று கேட்கும் எவருக்கும் நான் முதலில் போட்டுக் காட்டுவது இதைத்தான். இம்முறையும் இதழ்கள் உற்சாகமாகவே எழுதின. நன்கு விற்கக்கூடிய தொகுப்பு என்றது பில்போர்ட். தகுதிவாய்ந்த இந்தக் குழு இத்தோடு பெரிய அளவில் வெளிச்சத்துக்கு வரும் என்று நம்புவதாக கேஷ் பாக்ஸ் எழுதியது. கொலம்பியாவுக்கும் ஸ்டாக்ஸுக்கும் இடையிலான பூசல் இதற்குள் முற்றியிருந்ததால் இந்தத் தட்டும் முறையாகக் கடைகளுக்குப் போகவில்லை. ஏறத்தாழ 20,000 பிரதிகள் விற்றன. ஹம்மல் கல்லூரிப் படிப்பை முடிக்க வேண்டுமென்று விலகிக்கொண்டார்.

எஞ்சிய சில்டனும் ஸ்டீஃபன்ஸும் தயாரிப்பாளர் ஜிம் டிக்கின்சனுடன் 1974இல் மூன்றாவது ஆல்பத்தைப் பதிவுசெய்தார்கள். சிதைவையே பொருளாகக் கொண்ட அந்தப் பாடல்களை வெளியிட எந்த நிறுவனமும் முன்வரவில்லை. 1975 டிசம்பரில் ஸ்டாக்ஸ் திவாலானது. மூன்றாவது ஆல்பம் 1978வரை கிடப்பில் இருந்தது. கிறிஸ் பெல் 1978இல் ‘ஐ ஆம் தி காஸ்மாஸ்’ என்ற ஒரே ஒரு தனித் தட்டை வெளியிட்டார். அதே ஆண்டு டிசம்பர் 27 அன்று மெம்ஃபிஸில் கார் விபத்தில் இறந்தார். அவருக்கு வயது 27.

எழுத்து எங்கே தங்கியது

1978இல் பிரிட்டனில் முதலிரண்டு ஆல்பங்களும் ஒன்றாகச் சேர்த்து மறுபடி வெளியிடப்பட்டன. பழைய விமர்சனங்களைப் படித்துவிட்டுப் பல ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு இப்போதுதான் தட்டு கைக்குக் கிடைத்தது. அவர்களில் பலர் தாங்களே கிடார் வாசிப்பவர்களாக இருந்தார்கள் என்பது இந்த நிகழ்வின் மிக முக்கியமான திருப்பம். பேங்கிள்ஸ் குழு 1986இல் ‘செப்டம்பர் கேர்ள்ஸ்’ பாடலைத் தன் ஆல்பத்தில் பாடியது. ரீப்ளேஸ்மென்ட்ஸ் குழு ஆர்டென்ட் ஸ்டுடியோவுக்கே வந்து, அதே டிக்கின்சனைத் தயாரிப்பாளராக வைத்து ஓர் ஆல்பம் செய்து, 1987இல் வெளிவந்த அதில் அலெக்ஸ் சில்டன் பெயரையே தலைப்பாகக் கொண்ட பாடலைச் சேர்த்தது. ஸ்காட்லாந்தின் டீனேஜ் ஃபேன்கிளப் குழு பிக் ஸ்டாரின் தாக்கத்தை மறைக்காமல் தன் இசையின் அடித்தளமாகவே வைத்துக்கொண்டது. 1993 ஏப்ரலில் மிசௌரி பல்கலைக்கழகத்தில் சில்டனும் ஸ்டீஃபன்ஸும் மீண்டும் பிக் ஸ்டார் என்ற பெயரில் மேடையேறியபோது, உடன் வாசித்தவர்கள் இந்தத் தட்டுகளைக் கேட்டு வளர்ந்த போசீஸ் குழுவின் ஜான் ஆயரும் கென் ஸ்ட்ரிங்ஃபெலோவும். 2003இல் ரோலிங் ஸ்டோன் தொகுத்த தலைசிறந்த 500 ஆல்பங்களில் குழுவின் மூன்று ஆல்பங்களும் இடம்பெற்றன.

பிந்தைய நேர்காணல்களில் சில்டன், பிக் ஸ்டாருக்குக் கிடைக்கும் இந்தப் புகழ் தனக்கு வியப்பளிக்கிறது என்றும், அதைத் தலைசிறந்த இசை என்பவர்களோடு தான் உடன்படவில்லை என்றும் சொன்னார். 2010 மார்ச்சில் இறக்கும்வரை அவர் அந்தக் கருத்தை மாற்றிக்கொண்டதாகத் தெரியவில்லை. படைத்தவருக்குத் தன் படைப்பைக் குறைத்து மதிப்பிட உரிமை உண்டு. இளம் வயதில் இவ்வளவு பாராட்டையும் இவ்வளவு ஏமாற்றத்தையும் ஒருங்கே சுமந்தவருக்கு அந்த உரிமை கூடுதலாகவே உண்டு. ஆனால் இந்த விஷயத்தில் அவரைவிட விமர்சகர்களின் காதுதான் சரியாகக் கேட்டது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பாராட்டும் விநியோகமும் ஒருசேர அமைந்தால் என்ன நடக்கும் என்பதை அறிய, ஜார்ஜியா மாநிலத்தின் ஏதென்ஸ் நகரிலிருந்து வந்த ஆர்.இ.எம். குழுவை அருகில் வைத்துப் பார்க்கலாம். அதுவும் தென்மாநிலக் குழு, அதுவும் நால்வர், மெட்டையும் கிடாரின் தெளிந்த ஒலியையும் நம்பிய குழு. அதன் கிடார் கலைஞர் பீட்டர் பக், பிக் ஸ்டாருக்குத் தாங்கள் பட்ட கடனை வெளிப்படையாகச் சொல்லிவந்தவர். 1983இல் அவர்களுடைய முதல் முழு ஆல்பமான ‘மர்மர்’ வெளிவந்தபோது, மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ ஆல்பத்தையும் தாண்டி அதையே ஆண்டின் சிறந்த ஆல்பமாக ரோலிங் ஸ்டோன் விமர்சகர்கள் தேர்ந்தெடுத்தார்கள். இம்முறை தட்டை வெளியிட்ட ஐ.ஆர்.எஸ். என்ற சிறு நிறுவனத்துக்குப் பின்னால் ஏ அண்ட் எம் நிறுவனத்தின் விநியோகம் இருந்தது. 1972இல் இவ்வளவு வலுவாக இல்லாத கல்லூரி வானொலி நிலையங்கள் இருந்தன. ஒரு வேனில் ஏறி ஊர் ஊராகச் சென்று வாசிக்கக் குழுவும் சளைக்கவில்லை. ‘மர்மர்’ பில்போர்ட் பட்டியலில் 36ஆம் இடம்வரை சென்றது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 2,00,000 பிரதிகள் விற்றன. வணிகக் கணக்கில் அது பிரமாதமான எண்ணிக்கை அன்று. ஆனால் நிறுவனம் அடுத்த ஆல்பத்துக்குப் பணம் போடுவதற்கும், நால்வரும் பிரியாமல் அதைப் பதிவுசெய்வதற்கும் அது போதுமானதாக இருந்தது.